ஐ7 ஸ்டிக்கர் மட்டும் போதாது: வீட்டுக்குக் கணினி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா வீட்டில் கணினி வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. "ரொம்ப ஸ்லோவா இருக்குடா, வைரஸ் ஏதும் ஏறிடுச்சான்னு வந்து பாரு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். பெட்டியின் முகப்பில் இன்டெல் பிராசஸரின் ஐ7 ஸ்டிக்கர் பளபளத்தது. ஆனால் ஆன் செய்து பிரௌசர் திறந்து முடிய நான்கு நிமிடம் ஆனது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு, அதாவது பிராசஸர், 9 சதவீதத்தில் சும்மா இருந்தது. டிஸ்க் 100 சதவீதம், இறங்கவே இல்லை. வைரஸ் எதுவும் கிடையாது. உள்ளே இருந்தது பழைய மாதிரி சுழலும் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக, சிப்களிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸை ஏற்றியதும், அதே கணினி அரை நிமிடத்துக்குள் தயாராகிவிட்டது.

பெரிய எழுத்தில் இருக்கிற ஒரே ஒரு எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. ஒரு கணினியில் எந்தப் பாகம் மெதுவானதோ, அதன் வேகத்தில்தான் மற்ற எல்லாமே காத்துக் கிடக்கும்.

ஹார்ட் டிஸ்க் ஏன் அவ்வளவு மெதுவாக இருக்கிறது? உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் சுற்றி வரும்வரை, படிக்கும் முனை நகர்ந்து போய் நின்று காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு வினாடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைதான் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் கிளம்பும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லாததால் அந்தக் காத்திருப்பு இல்லை. அதனால் கிளம்பும் டிரைவ் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும். இதில் சமரசம் செய்யாதீர்கள். போட்டோ, வீடியோ சேர்த்து வைக்க மட்டும் ஹார்ட் டிஸ்க் போதும். எஸ்எஸ்டியில் இரண்டு வகை உண்டு: பழைய இணைப்பான சாட்டாவில் வருவது வினாடிக்கு 550 எம்பி அளவில் படிக்கும், புதிய வகையான என்விஎம்இ 3500 எம்பியையும் தாண்டும். ஆனாலும் வீட்டு வேலைகளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மலிவான லேப்டாப்களில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக வரும், அதைவிட மெதுவான 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பைத்தான் கட்டாயம் தவிர்க்கச் சொல்வேன். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. நாலு அப்டேட் வந்தால் மூச்சுத் திணறிவிடும்.

அடுத்தது பிராசஸர். ஐ3யைவிட ஐ5, ஐ5ஐவிட ஐ7 நல்லது என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும் பொதுவாகப் பொருந்தும். ஐ7-3770 என்பது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை. ஐ3-12100 என்பது 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டிலும் 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைச் சரடு)தான். ஆனால் வேகத்தில் அந்த ஐ3 இந்த ஐ7ஐத் தாராளமாக முந்திவிடும். ஐ7 என்று மட்டும் சொல்லி விற்கப்படும் பழைய கணினிகளில் இதுதான் நடக்கிறது. இன்னொன்று, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே மாடல் எண்ணை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். கோடுக்குப் பின்னால் வரும் 3, 12 போன்ற முதல் இலக்கங்கள்தான் தலைமுறை.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் புத்தம் புதியது போல இருக்கும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளிருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. இங்கே அது 2, அதாவது 2019இல் வெளிவந்த ஜென் 2. 7530யூ ஜென் 3, 7540யூ ஜென் 4. ஒரே ஒரு இலக்கத்தில் இத்தனை வித்தியாசம். கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஐ5-12400எஃப் போல இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் எதுவுமே வராது.

திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரிதான் ரேம். அந்த விஷயத்தில், இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு 16 ஜிபி என்று தயங்காமல் சொல்வேன். 8 ஜிபியில் வேலை ஓடும். ஆனால் பிரௌசரில் பத்து டேப், ஒரு வீடியோ அழைப்பு, பக்கத்தில் ஒரு எக்செல் என்று திறந்தாலே நெருக்கடி வந்துவிடும். மறுபக்கம், படிக்கவும் படம் பார்க்கவும் மட்டும் உள்ள கணினிக்கு 64 ஜிபி வாங்குவது வீண். இப்போது பயன்படுத்தும் கணினியில் வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு போகிறது என்று பாருங்கள். எந்த விளம்பரத்தையும்விட அது உண்மையைச் சொல்லும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுவது நல்லது. உள்கிராபிக்ஸ் அந்த ரேமையேதான் பகிர்ந்துகொள்கிறது, இரண்டு பாதை கிடைத்தால் அதற்கு வேகம் கூடும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. டெஸ்க்டாப்பில் கூட்டலாம், ஆனால் பழைய ரேம் வகையான டிடிஆர்4க்கான ஸ்லாட்டில் புதிய வகையான டிடிஆர்5 உட்காராது.

"2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு சேர்த்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எந்தக் கார்டு என்று கேளுங்கள். பெரும்பாலும் 2014இல் வந்த ஜிடி 730 போல ஏதாவது இருக்கும். இப்போதைய பிராசஸர்கள் பலவற்றின் உள்கிராபிக்ஸ் அதைவிட மேல். கேம், வீடியோ எடிட்டிங், 3டி வேலை இல்லாத வீட்டுக்குத் தனி கார்டே தேவையில்லை. அப்புறம், நல்ல கார்டு வாங்கியும் மானிட்டர் கேபிளை, எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செருகிவிட்டு "கேம் ஓடவில்லை" என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிள் கார்டில்தான் போக வேண்டும்.

யாருமே கேட்காத பாகம் பவர் சப்ளை. பெட்டியோடு இலவசமாக வருவதை நம்பாதீர்கள். அதில் கோளாறு வந்தால் தான் மட்டும் போகாமல் மதர்போர்டையும் டிரைவையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். 80 பிளஸ் முத்திரை மின்சாரத் திறனை மட்டும்தான் சொல்கிறது, அதிக மின்னழுத்தத்திலிருந்து காக்கும் வசதி இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். டெஸ்க்டாப் என்றால் வைஃபை இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லா மதர்போர்டிலும் வராது.

பட்ஜெட் முடிந்த பிறகு மிச்சத்தில் மானிட்டர் வாங்கும் பழக்கமும் வேண்டாம். தினமும் கண் பார்ப்பது அதைத்தான். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியாது. 1920க்கு 1080, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டில் மானிட்டர் மட்டும் நல்ல 24 அங்குல ஐபிஎஸ். முந்தைய கணினிக்கு வாங்கியது, இந்தக் கணினிக்கும் அதுவேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.