மெயில் சர்வர் ஐபி பிளாக்லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைச் சேர்த்து வைக்கும் பட்டியல்தான் பிளாக்லிஸ்ட், மெயிலை வாங்கும் சர்வர்கள் அதைப் பார்த்துத் தடுக்கும். அனுப்பிய மெயில் திரும்பி வந்தால், முதலில் அந்த பவுன்ஸ் மெயிலை முழுசாகப் படியுங்கள். 550, 554 போன்ற பிழை எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்த ஐபியை எந்தப் பட்டியல் பார்த்துத் தடுத்தார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த ஐபியைத்தான் தேட வேண்டும். வெப்சைட் இருக்கும் ஐபி வேறு, மெயில் வெளியே போகும் ஐபி வேறு என்பது சகஜம்.

அடுத்து டெர்மினலில் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் (dig) கட்டளை. ஐபியின் நான்கு எண்களையும் கடைசியிலிருந்து திருப்பி எழுதி, புள்ளி வைத்து, பட்டியலின் டொமைனை ஒட்டிக் கேளுங்கள். உதாரணமாக, பரவலாகப் பயன்படும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் 203.0.113.25-ஐத் தேட, 25.113.0.203.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் (டொமைனை மட்டும் ஆங்கில எழுத்தில், zen.spamhaus.org என்று அடிக்க வேண்டும்). என்எக்ஸ்டொமைன் (அப்படி ஒரு பெயரே இல்லை) என்று வந்தால் பட்டியலில் இல்லை. 127.0.0 என்று தொடங்கும் பதில் வந்தால் இருக்கிறது, காரணம் கடைசி எண்ணில். 2 அல்லது 3 என்றால் ஸ்பாம் போயிருக்கிறது. 4 என்றால் பெரும்பாலும் அந்த ஐபிக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷினில் மால்வேர். 10, 11 வந்தால் பதற வேண்டாம், வீட்டு பிராட்பேண்ட் மாதிரி நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபி வரிசை என்றுதான் அர்த்தம்.

நிறைய பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கூகுளின் 8.8.8.8 மாதிரி பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்று பதில் தரலாம், அது உங்கள் ஐபியைப் பற்றிய பதிலே இல்லை, இந்த வழியாகக் கேட்காதே என்று சொல்வது, ஆனால் ஏதோ பதில் வந்துவிட்டதே என்று பட்டியலில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் முதலில் 127.0.0.2-ஐத் திருப்பி, 2.0.0.127 என்று அதே டொமைனோடு போட்டுப் பாருங்கள். சோதனைக்கென்றே எப்போதும் பட்டியலில் இருக்கும் முகவரி அது. சரியான பதில் வராவிட்டால், சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரை நிறுவி அதன் வழியாகக் கேளுங்கள்.

எம்எக்ஸ்டூல்பாக்ஸ் வெப்சைட்டில் ஒரே தடவையில் பல பட்டியல்களைப் பார்த்துவிடலாம், ஆனால் எல்லாப் பட்டியலுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. யூசிஇபுரொடெக்ட் லெவல் 3 என்ற பட்டியல் பக்கத்து வாடிக்கையாளர்கள் செய்ததற்காக ஹோஸ்டிங் நிறுவனத்தின் மொத்த நெட்வொர்க்கையும் சேர்த்துவிடும். சீக்கிரம் நீக்கக் காசு கட்டும் வழியும் வைத்திருக்கிறார்கள். கட்டாதீர்கள். ஸ்பாம்ஹவுஸ், ஸ்பாம்காப், பாராகுடா மூன்றையும் கவனித்தால் பெரும்பாலும் போதும்.

நீக்கச் சொல்லி உடனே ஃபார்ம் நிரப்பாதீர்கள். மெயில் க்யூவை (அனுப்பக் காத்திருக்கும் மெயில்களின் வரிசை) பார்த்து, எந்த அக்கவுண்டிலிருந்து கொத்துக் கொத்தாக மெயில் போகிறது என்று கண்டுபிடித்து, பாஸ்வேர்டை மாற்றி, க்யூவைக் காலி செய்த பிறகு கேளுங்கள். ஸ்பாம்காப்பிடம் நீக்கச் சொல்லிக் கேட்கவே வேண்டாம், புகார் நின்றால் சுமார் 24 மணி நேரத்தில் தானாகவே நீக்கிவிடும்.