மூலிகை ஆராய்ச்சிக்கு வரும் பெண்களுக்கு: முதல் வருட வேலைகள்

மூலிகைத் துறைக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஜானகி அம்மாள் தாவரவியல் வழியாக வந்தவர். அசிமா சட்டர்ஜி கரிம வேதியியல்காரர். 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு வின்கா ஆல்கலாய்டுகளில் (நித்தியகல்யாணி வகைச் செடிகளின் வேதிப்பொருள்கள்) வேலை செய்தார். உங்கள் பலம் எது என்று பார்த்துச் சேருங்கள். மற்றப் பாதிக்குக் கைகொடுக்க ஒரு துறையையோ ஆய்வகத்தையோ முதல் வருடத்திலேயே பிடித்து வையுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறது.

சேர்ந்ததும், சாற்றைச் சோதிக்கச் செல் வளர்க்கும் செல் கல்ச்சர் அறைக்கு ஓட வேண்டாம். “இது இன்ன செடிதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால், பதில் கையில் இருக்க வேண்டும். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் காய்ந்த கட்டில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் வேறு செடிகளும் கலந்து வரும். கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றால் காயின் மேல்தோல் வழவழப்பு, பூவிதழ் 5. அதோடு கலந்து வரும் ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்றால் காயில் சொரசொரப்பான முண்டுகள், தண்டிலும் பெரும்பாலும் செந்நிறம். பொடியாக்கிவிட்டால் இதில் எதையும் பார்க்க முடியாது. ஆகவே கடைச்சரக்கை ஆய்வேட்டுக்கு வாங்காதீர்கள். பூவும் காயும் இருக்கும் பருவத்தில், வேரோடு, நீங்களே பறியுங்கள். காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி முதலில். காட்டுக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்று நெறியாளரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒரே இடத்தில் ஐந்தாறு மாதிரிகள் எடுங்கள். கீழாநெல்லி பறித்த கொஞ்ச நேரத்திலேயே இலையை மடக்கிக்கொள்ளும், காயும்போது உதிர்த்தும் விடும். அதனால் அங்கேயே செய்தித்தாளில் விரித்து அழுத்துங்கள். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இருவேளை, இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். தேதி, இடம், ஜி.பி.எஸ்., மண், ஊர்ப்பெயர், பூவின் நிறம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். காய்ந்த செடி பூ நிறத்தைக் காட்டாது. சுமார் 42 × 28 செ.மீ. தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் விவரச்சீட்டு வையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்), திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற ஓர் இடத்தில் அடையாளம் சரிபார்த்து, அங்கே ஒப்படைத்த மாதிரிக்கான வவுச்சர் எண் வாங்குங்கள். நல்ல ஆய்விதழ்கள் இந்த எண்ணைக் கேட்கும்.

அடுத்தது சாறு எடுப்பது. நிழலில் உலர்த்தி, நடுத்தரமாகப் பொடியுங்கள். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். 50 கிராம் பொடிக்கு 500 மி.லி. மெத்தனால், மூடிய குடுவையில் 72 மணி நேரம், இடையிடையே குலுக்கி வடிகட்டுங்கள். அதே பொடியில் புதுக் கரைப்பான் ஊற்றி இன்னும் இரண்டு முறை. மூன்றையும் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டரில் (காற்றழுத்தம் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவையுங்கள். கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பொடியில் விடும் சாக்ஸ்லெட் கருவியில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இறங்கிய சாறு சுமார் 65 டிகிரியில் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும். சூடு தாங்காத பொருள் அதில் போய்விடும். சீன விஞ்ஞானி து யூயூ 1971இல் கொதிநீரை விட்டுத் தாழ்ந்த வெப்பத்தில் ஈதருக்கு மாறிய பிறகுதான் மலேரியாவை அடக்கும் சாறு கிடைத்தது. அந்த வழியில் வந்த மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்கு 2015இல் நோபல் பரிசு.

சாற்றின் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். மிச்சமிருக்கும் மெத்தனாலே செல்லைக் கொன்றுவிட்டு, மூலிகைக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும். உயிருள்ள செல் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை வைத்து அளக்கும் எம்.டி.டி. சோதனையில் இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பாலிஃபீனால் நிறைந்த சாறு, செல்லே இல்லாத குழியிலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். செத்த செல் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். எனவே ஒவ்வொரு தட்டிலும் செல் இல்லாமல் சாறு மட்டும் விட்ட குழிகளும், செல்லோடு, சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவம் மட்டும் விட்ட குழிகளும் கட்டாயம். ஒரு மி.லி.க்கு 500 மைக்ரோகிராம் சாறு விட்டுச் செல் செத்ததை வைத்துப் ‘புற்றுநோய் எதிர்ப்பு’ என்று எழுதாதீர்கள். அவ்வளவு ஊற்றினால் பல சாறுகள் கொல்லும். இந்தத் தலைப்பில் குவிந்து கிடக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. நோயாளிகளும் அவற்றைப் படிக்கிறார்கள்.

கருவுற்றிருந்தால் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான் வேலையை உடனே நிறுத்தி நெறியாளரிடம் சொல்லுங்கள். அந்த மாதங்களில் தரவு அலசலும் ஹெர்பேரிய வேலையும் செய்யலாம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிப்படி மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள்வரை விடுப்பு உண்டு. ஆய்வேட்டை முடிக்க மறுபதிவையும் சேர்த்துப் பெண்களுக்கு மொத்தம் 10 ஆண்டுவரை அவகாசம். எதையும் வாய்மொழியாகக் கேட்காமல் விண்ணப்பமாகக் கொடுத்து, ஒப்புதல் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.