குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் வாதத்தைச் சோதிப்பது எப்படி?

"டெங்கு வந்தவர் பப்பாளி இலைச் சாறு குடித்தார், இரண்டே நாளில் பிளேட்லெட் ஏறிவிட்டது. அதனால் டெங்குவுக்கு அதுதான் மருந்து." மழைக்காலம் வந்தால் எங்கள் குடும்பக் குழுவில் இது தவறாமல் வரும். சண்டை போடாமல் இதைச் சோதிக்க நான் மணிமேகலையைத்தான் நாடுகிறேன். அதன் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் வாதத்தின் ஐந்து உறுப்புகளை விளக்குகிறார்.

படி 1: வாதத்தைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்) என்று மூன்று வரியாக எழுதுங்கள். அடிகள் காட்டுவது இது: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் இருப்பதுபோல. (மீதி இரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறார் அடிகள்.) நம் வாதத்தில் பக்கம், சாறு பிளேட்லெட்டை ஏற்றும், ஏது, குடித்தபின் ஏறியது, திட்டாந்தம், அந்த உறவினர். தாளில் பேனாவால் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதத் தொடங்கினால் கை பதில் அனுப்பத்தான் போகும்.

படி 2: ஏது உண்மைதானா? தேதி போட்ட ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்தால் போதும்.

படி 3: பலரும் தடுக்கி நிற்பது இங்கேதான். உதாரணம் பொருந்திவிட்டது, சரி என்று விட்டுவிடுகிறோம். அடிகள் எதிர்ப்பக்க உதாரணத்தையும் கேட்கிறார்: நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல. அப்படியானால் சாறு குடிக்காதவர்களுக்கு ஏறாமல் இருந்ததா? டெங்குவில் பிளேட்லெட் சில நாள் இறங்கும்; காய்ச்சல் விட்ட சில நாட்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே ஏறும். சாற்றைக் கொடுப்பதோ, எண்ணிக்கை இறங்கியது தெரிந்த பிறகு. ஆக, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த நாட்களில் ஏறியிருக்கும்.

இதனால் சாறு பயனற்றது என்று ஆகிவிடாது. இந்த வாதம் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். "ஆதாரம் எங்கே?" என்பதைவிட, "பெரியப்பா, குடிக்காதவங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். கூடவே இன்னொன்று: டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாதப் பிழைகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் தெரிந்தவுடன் எதிரில் இருப்பவரை அடக்கத்தான் தோன்றும்; அவர் சொல்வது காதில் விழாது.

பிற்சேர்க்கை: "எங்கள் தாத்தா பீடி குடித்தே 90 வயது வரை இருந்தார். இதில் எதிர்ப்பக்கம் எது?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பீடி குடித்து முன்பே போனவர்கள்தான். அவர்களை யாரும் கைகாட்டிப் பேச முடிவதில்லை. புகையிலையை விடாதவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் மற்றவர்கள் அதனால் சாகவில்லை. அவர்களில் 90 வயதைத் தொட்ட தாத்தாக்களும் இருக்கத்தான் செய்வார்கள். உங்கள் தாத்தாவால் அந்தக் கணக்கு பொய்யாகவில்லை.