ஆங்கில ஹோம்வொர்க்: சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என எந்தப் பக்கத்து டியூஷனிலும் ஆங்கில நோட்டைப் புரட்டினால் 'டிட் யூ வென்ட்?' கண்ணில் படும். சொல்லிக்கொடுப்பவர் 'வென்ட்'டை அடித்து 'கோ' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மறுநாள் அதே பிள்ளை 'டிட் யூ கேம்?' என்று எழுதி வரும். விடைதான் திருந்தியது, காரணம் அப்படியே இருக்கிறது.

தமிழில் 'போனாயா' என்றால் காலம் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி ஆகிவிடும். ஆங்கிலக் கேள்வியில் இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொள்வதால் வினை காலம் காட்டாத அடிப்படை வடிவத்துக்குத் திரும்புகிறது. இதைச் சொன்னால் மட்டும் பதியாது, கையால் செய்யவைக்க வேண்டும். முதலில் 'யூ வென்ட்' என்று எழுதட்டும். அடுத்த வரியில் அதை 'யூ டிட் கோ' என்று பிரிக்கட்டும். பிறகு 'டிட்'டை முன்னால் தள்ளட்டும். 'கேம்', 'ஏட்', 'டுக்', 'கேவ்' என்று இன்னும் நான்கு வினைகளுக்கு இப்படிச் செய்தால் போதும். 'டஸ் ஹி கோஸ்?' என்பதற்கும் இதே மருந்துதான். அங்கே வினையின் கடைசியில் வரும் 'எஸ்'ஸை 'டஸ்' எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒரு பக்கத்தில் உள்ள எல்லாத் தவறையும் சிவப்பில் சுழிக்க வேண்டாம். இன்று வினையின் காலம் என்றால் அதை மட்டும் பாருங்கள். மீதிக்கு ஓரத்தில் பென்சில் புள்ளி போதும்.

ஒரு சொல்லுக்கு முன் 'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதற்கு, 'உயிரெழுத்து வந்தால் ஆன்' என்று பல வீடுகளில் சொல்லித்தருகிறார்கள். அரைகுறை விதி. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும். மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' எச் எழுத்தில் தொடங்கினாலும் வாயில் உயிரொலியே வருகிறது, அதனால் 'ஆன் அவர்'. 'யுனிவர்சிட்டி' யூ எழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'ய', அதனால் 'எ யுனிவர்சிட்டி'. எம்.எல்.ஏ.வுக்கு 'ஆன்' வருவதும் இப்படித்தான்.

கவிதையிலும் காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்புவதுதான் சிக்கல். 'கம்', 'ஹோம்' இரண்டும் ஓ, எம், ஈ என்று முடிந்தாலும் ரைம் ஆகாது, அதாவது கடைசி ஒலி ஒன்றாது. 'சொன்னான்' என்று பொருள்படும் 'செட்', படுக்கையைக் குறிக்கும் 'பெட்' இரண்டும் எழுத்தில் வேறுபட்டாலும் ரைம் ஆகும். சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும் அலிட்டரேஷனும் அப்படியே: நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி'யும் பூனையைக் குறிக்கும் 'கேட்'டும் சி என்ற ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஆனால் ஒலி சேராது. ரைமை எதுகை என்று விளக்குபவர்கள் உண்டு. எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. கடைசியில் ஒன்றுவது இயைபு. தமிழ் வகுப்பில் படித்ததை இப்படிச் சரியாக இணைத்தால் பாதி வேலை குறையும். 'போல' என்று பொருள் தரும் 'லைக்' வந்தாலே சிமிலி (உவமை) என்று கோடு போடுவதும் வேண்டாம். 'ஐ லைக் ஃபிஷ்' வெறும் விருப்பம்.

கதை, கட்டுரை எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, பெரியவர்கள் தங்கள் ஆங்கிலத்தை உள்ளே நுழைப்பது. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 'மேக்னிஃபிசென்ட்' இருந்தால் யார் எழுதியது என்று மிஸ்ஸுக்குத் தெரியாதா? காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பற்றி எழுத வேண்டுமென்றால் முதல் ஐந்து நிமிடம் வாக்கியமே வேண்டாம்: விசைப்படகு, ஐஸ், கூடை, ஏலம், கத்துவது, இழுப்பது என்று பொருளும் செயலும் மட்டும். ஆங்கிலச் சொல் தெரியாத இடத்தில் தமிழிலேயே எழுதிவிட்டுப் பிறகு அகராதி பார்க்கட்டும். ஸ்பெல்லிங்கை முதலிலேயே பிடித்தால், பிள்ளை ஸ்பெல்லிங் தெரிந்த 'குட்', 'நைஸ்' சொற்களுக்குள் ஒடுங்கிவிடும். முதலில் விஷயம், பிறகு காலம், கடைசியில் ஸ்பெல்லிங். காலத்தைச் சரிபார்க்க எல்லா வினைகளுக்கும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். இறந்தகாலத்தில் தொடங்கிய கதை எந்த வரியில் நிகழ்காலத்துக்கு நழுவியது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதும் பயிற்சியில், எந்தத் தெரு, எத்தனை நாளாக என்பது முதல் பத்தியிலேயே வரட்டும். முடிவில் வரும் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யில் எஸ்ஸுக்கு முன் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது.