செட்டிநாட்டு மண்சாடிகளை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் இரண்டாங்கட்டு அறைகளில், இடுப்பளவு உயரமுள்ள சாடிகளும் வாய் குறுகிய பானைகளும் சுவரோரமாக நிற்பதை இன்றும் காணலாம். பல வெறுமையாகவே நிற்கின்றன. இன்னும் பல காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. சாடியைப் புழங்கினால்தான் அது நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். புழக்கத்தில் உள்ள சாடியை யாராவது துடைப்பார்கள், விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். மூலையில் கிடக்கும் சாடியை அது உடையும் அன்றுதான் கவனிப்பார்கள். ஆகவே ஆச்சி வீட்டுச் சாடி ஒன்று கைக்கு வந்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த மண்ணில் பெருங்கலம் வனையும் தொழில் மிகப் பழையது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. அதை அடுத்துள்ள கொந்தகையில், இறந்தோரை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகளும், அவற்றுடன் வைக்கப்பட்ட கருப்பு சிவப்புக் கலங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியிலேயே அமைந்திருப்பதால், நம் வீட்டு முற்றத்தில் நின்று பார்ப்பதுபோல அந்தத் தாழிகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

முதல் படி: சாடியின் வகையை அறிதல்

மற்ற எல்லாப் படிகளும் இதைச் சார்ந்தே இருப்பதால் இதற்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். சாடியின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். துளி பரவி, அந்த இடம் கருத்து, சற்று நேரத்தில் உள்ளிழுக்கப்பட்டால் அது மெருகிடாத, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு இல்லாத சுட்ட மண். மானாமதுரைப் பானை இவ்வகையைச் சேர்ந்தது. துளி உருண்டையாக நின்று வழிந்துவிட்டால் அது மெருகிட்ட சாடி. நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்கள் பர்மாவில் கொண்டுவிற்ற காலத்தில் கப்பலில் வந்த கரும்பழுப்புப் பெருஞ்சாடிகளும், திருமணச் சீரில் மங்கு என்னும் பீங்கான் சாமான்களோடு பரப்பிவைத்த வெள்ளையும் பழுப்புமான ஊறுகாய் ஜாடிகளும் இரண்டாம் வகை. பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் அறியப்பட்ட அத்தகைய சாடிகளில் இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிட்டுக் கடற்பயணத்துக்கு நிரப்பப்பட்டதை 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா குறித்திருக்கிறார். உப்பும் புளிப்பும் ஊடுருவாத மெருகுதான் அதற்குக் காரணம்.

அடுத்து, சாடியைத் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உடல் முழுமையாக இருக்கிறது. ஓசை மந்தமாக, பிளந்து கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடுகிறது. விரிசல் விட்டதை உணவுப்பொருளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: கழுவிப் பழக்குதல்

பழைய சாடியில் முன்பு என்ன இருந்தது என்பது வீட்டாருக்கே மறந்துபோயிருக்கலாம். அதன் வாயை ஒரு தட்டால் மூடி, ஒரு பகல் முழுதும் வெயிலில் வைத்துவிட்டு, மாலையில் தட்டை விலக்கி முகர்ந்து பாருங்கள். விளக்கெண்ணெயோ இலுப்பை எண்ணெயோ இருந்திருந்தால், எத்தனை ஆண்டானாலும் சூடேறிய மண் அந்த வாசனையை வெளியே விடும். எண்ணெய் ஏறிய மெருகிடாத பானையில் தானியம் வைத்தால் சிக்குவாடை ஏறிவிடும்; அதைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள்.

மெருகிடாத பானையைச் சோப்பு போட்டுக் கழுவவே கூடாது. நுண்துளைகள் சோப்பை உறிஞ்சிக்கொண்டு, பிறகு வைக்கும் பொருளில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தேங்காய் நாரும் வெறும் தண்ணீரும் போதும். மெருகிட்ட சாடிக்குச் சீயக்காய்த்தூளும் வெதுவெதுப்பான நீரும் பயன்படுத்தலாம். கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினால் பழைய சாடி விண்டுவிடக்கூடும்.

குடிதண்ணீருக்கு வாங்கிய புதுப்பானையை ஒரு நாள் முழுக்க நீரில் மூழ்கவைத்து, மண்வாடை மட்டுப்படும்வரை நீரை நிரப்பி நிரப்பிக் கொட்டிவிட வேண்டும். சமைக்கும் பானைக்கு வடிகஞ்சி ஊற்றிக் காய்ச்சுவது வழக்கம். கஞ்சியின் மாவுப்பசை துளைகளை அடைக்கும். தானியப் பானைக்கு இதே முறையைச் செய்துவிடாதீர்கள், ஏனென்றால் துளைக்குள் ஒட்டிய அந்த மாவே வண்டுக்கு முதல் தீனியாகிவிடும். அதைக் கழுவி, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலுமாக, இரண்டு கழிகளின் மேல் கவிழ்த்துக் காற்று உள்ளே புகும்படி சில நாட்கள் காயவைத்து, வேப்பிலைப் புகை பிடித்தால் போதுமானது.

மூன்றாம் படி: இடம்

சாடியை நேராகச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், வைக்கோல் பிரிமணையின் மேலோ மரப்பலகையின் மேலோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். தண்ணீர்ப் பானைக்கு மட்டும் ஆற்றுமணல் பரப்பிக் காற்றோட்டமான இடம் வேண்டும்; வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

நான்காம் படி: நிரப்புதல்

முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள் புளியில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் புளி எளிதில் கெடாது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, ஓடு, நார், கொட்டை மூன்றையும் நீக்கி, ஈரப்பசை போக வெயிலில் உலர்த்துங்கள். பிறகு காய்ந்த கல்லுப்பைத் தூவிப் பிசைந்து, உருண்டைகளாக்கிச் சாடிக்குள் வைத்து, நடுவில் காற்று நில்லாதபடி உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அடுக்குங்கள். மேலே ஒரு பிடி உப்பைப் பரப்பி, மெல்லிய வெள்ளைத் துணியால் வேடு கட்டி, அதன்மேல் மூடி போடுங்கள். எடுக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது. செட்டிநாட்டு ஆச்சிமார் இதில் காட்டும் கண்டிப்புக்குக் காரணம், ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அந்த இடத்திலிருந்து பூஞ்சை தொடங்கும் என்பதே.

புளிக்கு மெருகிட்ட புதுச் சாடியே ஏற்றது. மெருகிடாத பானையில் உப்புப் புளியை வைத்தால், கரைந்த உப்பு சுவருக்குள் ஊறி வெளிப்புறம் வந்து உலரும். பானையின் தோள்பகுதியில் வெண்ணிறத் தூளாகப் பூத்து, நாளடைவில் அந்த இடம் பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால்தான் உப்புப் பானையையும் புளிப்பானையையும் வேறு எதற்கும் மாற்றாமல் தனியே வைத்திருந்தார்கள். பழைய மெருகிட்ட சாடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: முற்கால மெருகுகளில் ஈயம் கலந்தவையும் இருந்தன, அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எங்கே, எப்போது செய்தது என்று தெரியாத சாடியில் புளி, ஊறுகாய், மோர் வைக்காமல், தோலோடு கூடிய நெல்லை வைப்பதே பாதுகாப்பு.

நெல்லுக்கும் பயறுக்கும் மெருகிடாத பானையே சிறந்தது. நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘கடக்’கென்று உடைய வேண்டும், அந்தப் பக்குவம் வரும்வரை காயவையுங்கள். அடியில் உலர்ந்த நொச்சி அல்லது வேப்பிலை, நடுவில் இரண்டு வசம்புத் துண்டுகள் போடலாம். துவரையைச் செம்மண் குழம்பில் பிசறி உலர்த்தி வைப்பது இன்னும் பாதுகாப்பு. குலுக்கை, குதிர் என்னும் பெரிய தானியக் கலங்களில் ஊருக்கே நெல் சேமித்தவர்கள் மூடியின் விளிம்பை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அடைத்தார்கள். சிறு பானைக்கு வேடு கட்டி மூடினாலே போதும். மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள்.

உணவுக்கு உதவாத பானை இருந்தால்

விரிசலில்லாத, ஆனால் எண்ணெய் வாடையுள்ள சிறு மண்பானையைச் செம்மண் தோட்டத்தில் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் ஒரு சாண் தூரத்தில் கத்தரி, மிளகாய் நாற்றுகளை நடலாம். எண்ணெய் ஊறிய பானையில் கசிவு குறையும் என்பதால், முதலில் ஒரு நாள் நீர் நிரப்பி வெளிப்புறம் ஈரம் படிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மண் காயும்போது பானைச் சுவர் வழியே நீர் வேருக்குக் கசியும். கொசு முட்டையிடாதபடி வாயை ஓட்டால் மூடி, நீர் பாதிக்குக் கீழே இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள்.