மாரியில் சின்ன டிரக்டர்: சனி, ஞாயிறு அவசரத்தில் நாம் விடும் பிழைகள்

வீடு வெள்ளவத்தையில், காணி பாதுக்க பக்கம். தென்னையும் கொஞ்சம் ரம்புட்டானும் நிற்கும் இரண்டு ஏக்கர். என்னைப் போன்றவர்களுக்குக் கிழமையில் இரண்டு நாள்தான். சனி காலை ஹைலெவல் வீதியால் போனால் ஞாயிறு பின்னேரம் திரும்பிவிட வேண்டும். மழைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. செவ்வாயும் பெய்யும், வெள்ளி இரவு முழுக்கவும் கொட்டும். சனி காலை பளிச்சென்று வெயில் எறிக்கும். உடனே மெசின் சாவியைத் தேடுவோம். மாரியில் சின்ன டிரக்டரால் வரும் வில்லங்கத்தில் முக்கால்வாசி அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.

நான் சொல்வது 20 முதல் 30 குதிரைவலு வரையான, முன்னால் லோடர் பக்கட் பூட்டிய நாலு சில்லு மெசின்களை. கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் வேறு சாதி. அதற்கு வேறு கைப்பழக்கம் வேண்டும்.

டொரொன்டோவில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு ஜனவரியும் வீடியோ அனுப்புவான். இதே அளவு மெசினால் வாசலில் கிடக்கும் பனியைத் தள்ளிக்கொண்டு போவான். "உங்கட மெசின் என்ன, கொட்டிலுக்குள்ள நித்திரையோ?" என்று ஒரு நக்கல் வேறு. அங்கே குளிர்காலம் என்றால் இஞ்சினைச் சூடாக்க வேண்டும், டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டும், டீசல் உறையாமல் பார்க்க வேண்டும். இங்கே பனியின் இடத்தில் சேறு. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீற்றர் மழை. மே மாதத்தில் ஒரு கொட்டு, ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு கொட்டு. கான் துப்புரவாக்குவது, விழுந்த மட்டை இழுப்பது, அரித்துப்போன பாதைக்குக் கிரவல் போடுவது, புல் வெட்டுவது என்று வேலையெல்லாம் குவிவதும் அதே மாதங்களில்தான்.

இன்னும் ஈரமாக இருக்கும் மண்ணில் மெசினை இறக்குவதுதான் முதல் பிழை. மேல் தோல் காய்ந்திருக்கும். அதைப் பார்த்து ஏமாறுவோம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். பென்சில் மாதிரி நீண்டு திரிந்தால் இறங்க வேண்டாம். உதிர்ந்து கொட்டினால் இறங்கலாம். ஈர மண்ணை டயர் அமுக்கும்போது காற்றும் நீரும் ஓடும் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். நாங்கள் கான் இன்னும் ஆழமாக வெட்டுவோம், பழி மழையில் விழும். இந்த அமுக்கத்தில் பெரும்பகுதி முதல் தடவை சில்லு ஏறும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே காணி முழுக்கப் பரவலாக ஓடாமல் ஒரே தடத்தில் போய் வருவது நல்லது. அந்தத் தடம் கெட்டுப்போனால் போகட்டும், மற்ற இடம் தப்பும்.

தென்னங்காணியில் இன்னொரு பொறி இருக்கிறது, பொச்சுமட்டைக் குழி. 26 அடி இடைவெளியில் நிற்கும் மரங்களுக்கு நடுவே குழி வெட்டி மட்டையைப் புதைப்பது ஈரம் காக்க நல்ல வழிதான். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மேலே புல் மூடி, பார்த்தால் சமதரை மாதிரி இருக்கும். போன ஒக்டோபரில் என் மெசினின் வலப்பக்கப் பின்சில்லு அப்படி ஒன்றுக்குள் போனது. முதலில் ஒரு சின்ன ஆட்டம், பிறகு கறுத்த தண்ணீர் கொப்பளித்து வந்தது, ஊறிய மட்டையின் புளிப்பு நாற்றம். நான் கியரைக் குறைத்து மிதித்தேன். சில்லு சுற்றச் சுற்றத் தும்பை வாரி வெளியே எறிந்துகொண்டு தானே தனக்குக் குழி தோண்டியது. அச்சு மண்ணைத் தொட்டதும்தான் காலை எடுத்தேன்.

காணியைப் பார்க்கும் பெரியவர் அவிசாவளைப் பக்கம் றப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். "ஐயா, மண்ணு இன்னும் ஊறித்தான் கெடக்குன்னு காலையிலேயே சொன்னேனே," என்றார். சொன்னார்தான். நான் கேட்கவில்லை.

மாட்டிய மெசினை வெளியே எடுக்கும் விதத்தில் பிழை விட்டால் அது உயிருக்கே உலை. பின்சில்லுக்குக் கீழே தென்னங்குற்றியைக் கொடுத்து, அது நழுவாமல் சில்லோடு சேர்த்துக் கட்டிவிட்டு முன்னுக்கு எடுப்பதைப் பலர் செய்கிறார்கள். சில்லு சுற்ற முடியாமல் இறுகி நின்றால் இஞ்சினின் விசை எங்கே போகும்? சில்லு சுற்றாவிட்டால் உடம்பு சுற்றும். முன்பக்கம் எழும்பிப் பின்னால் மல்லாந்துவிடும். முன்சில்லு தரையை விட்டு எழும்பியதிலிருந்து ஆள் மேல் விழும்வரை இரண்டு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க நினைக்கும் நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். இன்னொரு மெசினால் இழுக்கும்போதும் இதே ஆபத்துத்தான். இழுக்கிற மெசினில் சங்கிலியைப் பின்னால் கீழே இருக்கும் கொளுவியில் மட்டும்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ, அதற்கு மேலே இருக்கும் எந்தக் கம்பியிலோ மாட்டினால் இழுக்கிறவர் கவிழ்வார். நைலோன் கயிறு வேண்டாம். அது இழுபட்டு அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும்.

லோடர் இருந்தால் வேறு வழி உண்டு. பக்கட்டைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தை மெல்ல உயர்த்தி, சில்லுக்குக் கீழே பலகை வைத்து, பக்கட்டைச் சுழற்றித் தரையை உந்தப் பின்னுக்கு வரலாம். மண்வெட்டியால் சில்லுக்குப் பின்னால் சரிவாக ஒரு வழி வெட்டுவது அதற்கு முந்திய வேலை. எங்களுக்கு அன்றைக்கு மூன்று மணித்தியாலம் போனது. வந்த வழியாலேயே பின்னுக்கு எடுப்பதுதான் எப்போதும் முதல் தெரிவு, ஏனென்றால் அந்த நிலம் மெசினைத் தாங்கும் என்று ஏற்கனவே தெரியும். இப்போது ஒவ்வொரு குழியின் நாலு மூலையிலும் கிளிசரியாத் தடி நட்டிருக்கிறேன்.

சரிவில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் ஓட்டிப் பழகிய கால் இங்கே நம்மை ஏமாற்றும். இந்த வகை மெசின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின்சில்லு இரண்டுக்கும் மட்டும்தான். பக்கட்டில் கிரவலை நிரப்பினால் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இலேசாகிவிடும். அந்த நிலையில் ஈரமான சரிவில் பிரேக் மிதித்தால் பின்சில்லு சுற்றாமல் நிற்கும், மெசின் மட்டும் சறுக்கிக்கொண்டு போகும். நாலு சில்லு இழுவை (ஃபோர் வீல் டிரைவ்) ஏறுவதற்குத்தான் என்று நினைத்து இறங்கும்போது அதைக் கழற்றிவிடுவது இதைவிட மோசம். அதைப் போட்டு வைத்தால்தான் முன்சில்லுகளும் சேர்ந்து வேகத்தைப் பிடிக்கும். ஏற்றத்தின் தலையிலேயே சின்ன கியருக்கு மாறிவிட்டு இறங்குங்கள். நடுவில் கிளட்சை மிதிக்கவோ, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவோ கூடாது. பக்கட் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, முழங்கால் உயரம் போதும்.

லோடர் வேலை செய்யும்போது பின்னால் பாரம் இருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் மச்சானை விட நமக்கு அதிர்ஷ்டம். அவன் டயருக்குள் தண்ணீர் விட்டால் உறைந்துவிடும். உறையாத திரவம் காசு கொடுத்து வாங்க வேண்டும். நமக்குக் குழாய்த் தண்ணீர் போதும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டால் லீற்றருக்கு ஒரு கிலோ பாரம், அதுவும் கீழே, இருக்க வேண்டிய இடத்தில். டயர் கடைக்காரரிடம் கொடுத்துச் செய்வியுங்கள்.

இடது, வலது என்று பிரிந்திருக்கும் இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்க்கும் கொளுக்கியைப் போடாமல் வீதிக்கு ஏறுவதும் அடிக்கடி காணும் பிழை. ஒற்றைப் பக்கம் மிதித்தால் மெசின் அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும். அத்தோடு, வீதியில் ஓட்டக் கார் லைசென்ஸ் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி வகுப்பு, கையால் பிடித்து ஓட்டுவதற்கு ஜி1.

கான் ஓரம்: கான் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி ஓட்டுங்கள். நாலடிக் கான் என்றால் நாலடி. மழையில் ஊறிய கரை வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் பாரம் ஏறியதும் அப்படியே கழன்று விழும். தலைக்கு மேலே இருக்கும் பாதுகாப்புக் கம்பி வளைவைத் தென்னோலை தட்டுகிறது என்று மடித்து வைப்பவர்கள் உண்டு. அது நிமிர்ந்து நின்று, பெல்ட்டும் கட்டியிருந்தால்தான் கவிழும்போது ஆள் தப்புவார். மடித்திருக்கும்போது பெல்ட் கட்டவே கூடாது, மெசினோடு சேர்த்து நசுக்கும். ஜப்பானில் ஓடிக் கழித்த பழைய மெசின் வாங்கப் போனால் முதலில் இந்த வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ற் பளபளப்பைப் பிறகு பார்க்கலாம்.

புல் வெட்டும்போது சாரம் கட்டிக்கொண்டு ஏறுவது நம் ஊரின் சொந்தப் பிழை. பின்னால் கத்தியைச் சுற்றும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு 9. உறை கழன்ற ஏழு சென்ரிமீற்றர்த் தண்டில் நுனி மாட்டினால் இரண்டு மீற்றர்ச் சாரம் ஒரு நொடியில் சுற்றி முடிந்துவிடும், பிறகு அடுத்தது கால். நீட்டுக் காற்சட்டை, கால் பூட்ஸ். ஈரப்புல் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும். இஞ்சினை நிறுத்தி, கத்தி தானாக ஓய்ந்து நிற்கும் வரை பொறுத்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். வெட்டுமுன் நடந்து பார்த்து விழுந்த தேங்காயைப் பொறுக்குங்கள். கத்தியில் பட்ட குரும்பட்டிகூடக் கல் மாதிரிப் பறக்கும். அந்த நடையில் புடையனும் கண்ணில் படலாம். மழைக்குக் காய்ந்த இடம் தேடி இஞ்சின் மூடிக்குக் கீழேயும் பாம்பு சுருண்டிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். கையை விடுமுன் மூடியை ஒரு தட்டுத் தட்டுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி வந்தால் மெசினில் இருந்துகொண்டு "இன்னும் இரண்டு சுற்றுத்தான்" என்று ஓட்டக்கூடாது. நாலு டயர் காப்பாற்றும் என்பது வெறும் கதை. வளிமண்டலவியல் திணைக்களம் விடும் மின்னல் எச்சரிக்கையில் சைக்கிள், டிரக்டர், படகு போன்ற திறந்த வாகனங்களைத் தவிர்க்கச் சொல்லி எப்போதும் ஒரு வரி இருக்கும். தென்னை மரத்துக்குக் கீழே ஒதுங்குவதும் தீர்வல்ல.

களனி கங்கை பெருகி வந்து வடிந்த காணி என்றால் சேற்றில் எலிக்காய்ச்சல் காத்திருக்கும். 2016 மே வெள்ளத்தைக் கண்ட கடுவெல, கொலன்னாவைக்காரருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறங்குமுன் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டால் முன்தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்வார்கள். காலில் புண் இருந்தால் அந்தக் கிழமை வேலையே வேண்டாம்.

வேலை முடிந்து கொழும்புக்கு ஓடும் அவசரத்தில் மூன்று விஷயம் விடுபடும். ஒன்று டீசல். பாதித் தாங்கியோடு நிறுத்தினால் மேலே இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராகி டீசலில் இறங்கும். தாங்கியை நிரப்பிவிட்டு, ஃபில்டர்க் கிண்ணத்தின் அடியில் தேங்கும் தண்ணீரை அடுத்த முறை திறந்து விடுங்கள். இரண்டு, சேறு போகக் கழுவியதும் மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பது. புதுக் கிரீஸ் உள்ளே போனால்தான் புகுந்த தண்ணீர் வெளியே வரும். ஆனால் பிரஷர் வோஷரை பெயரிங்குக்கும் டைனமோவுக்கும் நேராகப் பிடித்தால் நாமே தண்ணீரை உள்ளே ஏற்றியதாகும்; பிறகு உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான். மூன்றாவது பக்கட். நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனால் ஒரு மழைக்கு அதில் வாளித் தண்ணீர் நிற்கும். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் புழு நெளியும். நான் கண்டுகொள்ளாமல் விட்ட தண்ணீரை ஒருமுறை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கண்டார், டெங்கு விஷயத்தில் அவர்கள் பகிடி விடுவதில்லை. வாய் கீழே பார்க்கத் தரையில் இறக்கிவிட்டால் தண்ணீரும் நிற்காது, ஹைட்ரோலிக் குழாயிலும் அழுத்தம் இராது.

சாவியை இப்போது நான் கொழும்புக்குக் கொண்டுவருவதில்லை. பக்கத்துக் காணியில் ஜி லைசென்ஸ் உள்ள பெடியன் ஒருவன் இருக்கிறான், நாள் கூலிக்கு வருவான். பெரியவர் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கோல் எடுப்பார், அவனைக் கூப்பிடட்டுமா என்று. போன கிழமை அந்தக் கோல் வந்தது புதன்கிழமை, நான் புறக்கோட்டையில் பஸ்ஸுக்குள் நெருக்குப்பட்டுக்கொண்டு நின்றபோது.