அக்கி வந்தால் முதல் மூன்று நாள்

பெரியம்மாவுக்கு போன சித்திரையில் இடது விலாவில் ஒரே எரிச்சல். தண்டையார்ப்பேட்டை வெயிலுக்குச் சூடு பிடித்திருக்கும் என்று நுங்கும் சந்தனமுமாக இரண்டு நாள் ஓட்டினோம், மூன்றாம் நாள் ஜாக்கெட் துணி பட்டாலே துடித்தார், பார்த்தால் முதுகுத்தண்டிலிருந்து மார்பு வரை பாதி வளையமாகச் சிவந்து, கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம். வலப்பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. முதலில் வலி, பிறகு கொப்புளம், அதுவும் ஒரே பக்கம் ஒரே பட்டையாக என்றால் அக்கி என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.

இது யாரிடமிருந்தும் புதிதாக ஒட்டியதில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் அதே வைரஸ்தான். அம்மை இறங்கி தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் போய்விட்டது என்று நினைப்போம், அதுவோ முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் போய் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு செல்லும் வெளியே காட்டும் புரதத் துண்டுகளை வைத்துத்தான் உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று டி செல்கள் (உடம்பின் நோய் எதிர்ப்பு செல்கள்) கண்டுபிடிக்கும். நரம்பு செல் இயல்பிலேயே அதைக் கம்மியாகத்தான் காட்டும், வைரஸும் மரபணுவை வளையமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஏறக்குறைய எந்தப் புரதமும் செய்யாமல் கிடக்கும். அப்புறம் எப்படிச் சிக்கும்? வயது ஐம்பதைத் தாண்டியோ, ஸ்டீராய்டு, கீமோ என்று எதிர்ப்பு தளர்ந்தோ போனால், அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கும். ஒரே பட்டையாக வருவது அதனால்தான்.

கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிரோ வாலாசைக்ளோவிரோ தொடங்க வேண்டும். வைரஸ் பெருகும்போதுதான் இவை வேலை செய்யும், பதுங்கியிருப்பதைத் தொடாது. அசைக்ளோவிர் பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மி.கி., தினம் ஐந்து வேளை, ஏழு நாள். ஐந்து வேளை கட்டாயம் மறக்கும், போனில் அலாரம் வையுங்கள். கிட்னி பிரச்சினை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவு மாறும்.

கொசப்பேட்டையில் கொப்புளத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்து எழுதிக்கொண்டு வரலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், பெரியம்மாவுக்கும் ஆசைதான். காவி குளுகுளுவென்று இருக்கும், சரி, ஆனால் நரம்புக்குள் போகாது, உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும், அந்த 72 மணியில் ஒரு நாளும் போய்விடும்.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள், பார்வைக்கே ஆபத்து. கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடியே வையுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணியும் கைக்குழந்தையும் கிட்டே வர வேண்டாம், அந்த நீர் பட்டால் அவர்களுக்குச் சின்னம்மை வரும். ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிந்தால் பாராசிட்டமாலை விழுங்கிக்கொண்டே இருக்காதீர்கள், நரம்பு வலிக்கு வேறு மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.